தேசிங்குராஜனும் தினசரிப் பங்கு வியாபாரமும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? பாதி வழியை நெருங்கும்போது, யாரோ பாறைகளை அள்ளிக் குவித்தாற்போல மூன்று குன்றுகள் தென்படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் வளைத்து ஓடும் மதில்தான் செஞ்சிக் கோட்டை. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

பங்கு வியாபாரத்துக்கும் இந்தக் கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சற்றே பொறுங்கள்.

1714-ல் கப்பப் பாக்கி கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையோடு வந்தார். தேசிங்குராஜனிடம் இருந்ததோ சில நூறு குதிரை வீரர்கள். கோட்டைக்குள் இருந்துகொண்டு காலத்தைத் தள்ளியிருக்கலாம். அவன் சமவெளிக்கு இறங்கிப் பாய்ந்தான், போர்க்களத்திலேயே மாண்டான். இன்றும் அவன் கதையைப் பாடிக் கண் கலங்குகிறோம்.

அதற்கு முன் அதே கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1690-ல் தொடங்கிய முகலாயர் முற்றுகையை ஏழெட்டு வருஷம் சமாளித்தார். முற்றுகையிட்ட படையே ஒரு கட்டத்தில் தானியத்துக்குத் திண்டாடியது! இனித் தாங்காது என்று தெரிந்ததும் ராஜாராம் ஓசைப்படாமல் நழுவினார். 1698-ல் கோட்டை விழுந்தது; அவரோ மராட்டிய நாட்டுக்குத் திரும்பிப் போரைத் தொடர்ந்தார். நம் ஊரில் அவரைப் பற்றிப் பாட்டுப் பாடுவார் யாரும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்ததும் பங்கை வாங்கி, மாலை மூன்றரைக்குள் விற்றுத் தீர்ப்பதே தினசரி வியாபாரம். முன்பெல்லாம் இது பம்பாய்க்காரர்கள் சமாசாரம். இப்போது கைபேசி இருக்கும் வீடெல்லாம் பங்குச் சந்தைதான். உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டான் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாம்பாரா ரசமா என்று தெரியாமல் சாப்பிடுகிறானென்றால், விஷயம் இதுவாக இருக்கலாம்.

2020 மார்ச் வீழ்ச்சிக்குப் பிறகு சந்தை ஏறிக்கொண்டே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினவருக்கும் லாபம் வந்தது. பிறகு பிடி இறுகிற்று. 2021 செப்டம்பர் முதல், கைப்பணத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்குக்கு மேல் பங்கு வியாபாரம் செய்யத் தரகர்கள் இடம் கொடுக்கக் கூடாது என்றாயிற்று. 2024 அக்டோபரில் ‘ஆப்ஷன்’ வியாபாரத்தின் மீதான வரி, நூறு ரூபாய்க்கு ஆறேகால் பைசாவிலிருந்து பத்துப் பைசாவாக ஏறியது. அடுத்த மாதமே ஒரு பேரத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சமாகச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான ‘செபி’ உயர்த்தியது.

சில்லறைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2022-23-ல் பங்குகளில் தினசரி வியாபாரம் செய்த தனி நபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டதாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. வருஷத்தில் ஐந்நூறு தடவைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர். நஷ்டப்பட்டவர்கள் நூறு ரூபாய் இழந்தால், தரகு, வரி முதலிய செலவுகளாக இன்னும் 57 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்! ஆப்ஷன் முதலியவற்றில் நிலைமை இன்னும் மோசம். 2024-25-ல் நூற்றுக்கு 91 பேருக்கு நஷ்டம். மொத்தம் ஒரு லட்சத்து ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

சந்தை கடுமையாகும்போது தேசிங்கு ரகத்தினர் என்ன செய்கிறார்கள்? ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று இரட்டிப்பாகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். வீட்டிலுள்ள வளையல் அடகுக் கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

ராஜாராம் ரகத்தினர் முதலில் அளவைக் குறைக்கிறார்கள். நூறு பங்கு வாங்கின இடத்தில் முப்பது. 200 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கினால், அந்த நிமிஷமே ‘197-க்கு இறங்கினால் விற்றுவிடு’ என்று உத்தரவும் போட்டுவிடுகிறார்கள். ‘ஸ்டாப் லாஸ்’ என்பது இதுதான். ஆனால் 197 நெருங்கும்போது மனசு கேட்காமல் அதை 195 ஆக்குவது, பிறகு 190 ஆக்குவது! கெட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறார்கள். ஒரு நாளில் இரண்டு முறை அடிபட்டால் கைபேசியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களும் உண்டு. சிலர் தினசரி வியாபாரத்தையே விட்டு, சொந்தப் பணத்தில் நல்ல பங்குகளை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்கப் பழகுகிறார்கள். அடியோடு விலகினவர்களும் குறைவில்லை. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரை ஆப்ஷன் முதலியவற்றில் இறங்கிய தனி நபர்களின் தொகை, முந்தைய வருஷம் அதே மாதங்களில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

செஞ்சிக் கோட்டைக்குள் கனத்த சுவர் எழுப்பிய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. போனால் அவசியம் பாருங்கள். வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளம், வாடகை, வைத்தியச் செலவு ஆகியவற்றுக்கான பணத்தை, பங்கு வியாபாரத்தோடு இணைக்காத வேறொரு பாங்குக் கணக்கில் போட்டுவையுங்கள். சந்தை எத்தனை ஆசை காட்டினாலும் அந்தப் பணம் அதன் வாசலை மிதிக்கக் கூடாது.

செபியின் அதே ஆய்வில் இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. 2022-23-ல் கல்யாணமாகாதவர்களில் நூற்றுக்கு 75 பேர் நஷ்டப்பட்டார்கள். கல்யாணமானவர்களில் 67 பேர். லாபம் பார்த்தவர்களின் விகிதமோ, ஆராய்ந்த வருஷங்கள் எல்லாவற்றிலும் ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம். ‘இன்றைக்கு எவ்வளவு போயிற்று?’ என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருப்பதே பெரிய ஸ்டாப் லாஸ் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுவதாக உத்தேசமா? மூன்றரை மணிக்குமுன் வேண்டாம். சந்தை மூடட்டும், ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்துவிட்டுக் காட்டுங்கள்.