குட்டி ஆமைகள் எங்கே போயின?

அமெரிக்காவின் புளோரிடா கரையில் பொரிக்கும் பெருந்தலை ஆமைக் குஞ்சுகள் கடலில் இறங்கியதும் மறைந்துவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்தே, பெரிதாக வளர்ந்து கரையோரம் தென்படுகின்றன. இடையில் எங்கே இருந்தன?

இதை அறிய, சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவிகளை அறிவியலார் 17 இளம் ஆமைகளின் ஓட்டில் ஒட்டினர். செயற்கைக்கோள் வழியே கிடைத்த விவரங்கள் 2014இல் வெளியாயின. சில ஆமைகள் பெருநீரோட்டத்தை விட்டு விலகி, அட்லாண்டிக் நடுவேயுள்ள சர்காசோ கடலுக்குள் சென்றிருந்தன. கருவிகள் காட்டிய வெப்பமோ கடல்நீரின் வெப்பத்தைவிட மிகுதி!

காரணம் என்ன தெரியுமா? மிதக்கும் சர்காசம் பாசி வெயிலில் சூடேறுகிறது. அதில் ஆமைகள் தங்குகின்றன என்று கருதுகிறார்கள். குளிர் இரத்தப் பிராணியான ஆமை, வெப்பம் கிடைத்தால்தான் விரைந்து வளரும். மறைவிடமும் இரையும் கணப்பும் அங்கேயே!

ஆனால், பாசியைத் திரட்டும் நீரோட்டமே பிளாஸ்டிக் துண்டுகளையும் திரட்டுகிறது. கரையில் நாம் எறியும் துண்டு, ஒரு குட்டியின் வயிற்றில் போய் முடியலாம்.