நிலவொளியில் டிரெஸ்டன்: 1839 ஓவியத்தில் இருக்கும் நகரம் இப்போ இருக்கா?

மேகத்துக்கு நடுவே நிலா. கீழே எல்பே ஆறு, கல் பாலம், கரையில் உயர்ந்து நிற்கும் குவிமாடம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தை யோஹான் கிறிஸ்டியன் டால் 1839-ல் இப்படித்தான் வரைந்தார்.

யார் இவர்?

நார்வேக்காரர். 1818-ல் டிரெஸ்டனுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரெட்ரிக்கும் இவரும் பல வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். நிலவொளி என்றால் ரெண்டு பேருக்குமே தனி மோகம்!

அந்த நகரத்துக்கு என்ன ஆச்சு?

1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. சுமார் 25,000 பேர் இறந்தனர். ஓவியத்தில் தெரியும் ஃப்ராவன்கிர்ஷே தேவாலயத்தின் குவிமாடம், தீயின் சூட்டில் கல் தாங்காமல் 15-ம் தேதி இடிந்து விழுந்தது.

அப்போ இன்னைக்குத் தெரியுற குவிமாடம்?

புதுசு. இடிபாடுகள் 40 வருஷத்துக்கும் மேல் அப்படியே கிடந்தன. 1994-ல் மறுகட்டுமானம் தொடங்கி, 2005-ல் முடிந்தது. பழைய கற்கள் ஆயிரக்கணக்கில் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. வெளிர் சுவரில் கறுப்புத் திட்டுகளாகத் தெரிபவை அவைதான்.

டாலின் ஓவியம், அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஆல்பர்டினம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில் நின்றால் அவர் பார்த்த அதே நகரம் மாதிரிதான் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தழும்பு தெரியும்.