காதைத் தொட்ட கையும் வயது வரம்பும்

என்னைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்ற நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் பிறப்புச் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. "வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடு, பார்க்கலாம்" என்றார். என் விரல் நுனி காது மடலைத் தொட்டது. உடனே பதிவேட்டில் என் பெயர் ஏறிவிட்டது.

மாணவர்களே, உங்கள் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலரும் இப்படிக் காதைத் தொட்டுத்தான் பள்ளிக்குள் நுழைந்திருப்பார்கள். இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்தவரின் தலையோ ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். தலை மெதுவாகவும் கை கால்கள் விரைவாகவும் வளர்கின்றன. ஆகவே கை காதை எட்டுவது சுமார் ஐந்து, ஆறு வயதில்தான் நிகழ்கிறது. அந்தத் தலைமை ஆசிரியர் நாட்காட்டியை விட்டுவிட்டு உடலையே கடிகாரமாகப் படித்தார் எனலாம்.

நாட்காட்டி காட்டும் வயது ஒன்று. உடல் காட்டும் வயது மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்துப்போகாதபோது விளையாட்டு மைதானத்தில் என்ன நேர்கிறது? இக்கேள்வியைச் சென்ற மார்கழியில் ஒரு தந்தை என் வீட்டுத் திண்ணைக்கே கொண்டு வந்தார்.

தந்தையின் கேள்வி

அவர் அன்னூர்ப் பக்கத்து விவசாயி. மகனுக்கு வயது 13. கபடியில் பாடிச் செல்வதில் சூரன். பொங்கல் விளையாட்டு விழாவில் பெரியவர்களின் குழுவில் ஓர் ஆள் குறைந்ததால் இவனை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

"ஏனுங் சார், பையன் நல்லாத்தான் ஓடறானுங்க. ஊரே கேக்குது. அனுப்பலாமுங்களா, வேண்டாமுங்களா? நீங்க பிசிக்ஸ் வாத்தியார், கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

கணக்குத்தானே! போட்டுப் பார்ப்போம்.

மோதலின் கணக்கு

நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். 40 கிலோகிராம் நிறையுள்ள சிறுவன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறான் என்போம். அவன் உந்தம் 40 × 5 = 200 அலகுகள். எதிரே 65 கிலோகிராம் நிறையுள்ள 17 வயது இளைஞன் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறான். அவன் உந்தம் 65 × 6 = 390 அலகுகள்.

இருவரும் நேருக்கு நேர் மோதி, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஒன்றாக நகர்கிறார்கள். எஞ்சிய உந்தம் 390 – 200 = 190. சேர்ந்த நிறை 105 கிலோகிராம். ஆகவே இருவரும் வினாடிக்குச் சுமார் 1.8 மீட்டர் வேகத்தில் சிறுவன் வந்த வழியிலேயே பின்னோக்கிச் செல்வார்கள். மைதானத்தில் நாம் காண்பதும் இதுவே.

இனித்தான் முக்கியமான செய்தி வருகிறது. இளைஞனின் வேகம் 6-இலிருந்து 1.8 ஆகக் குறைகிறது, மாற்றம் 4.2. சிறுவனோ முன்னோக்கி 5 என்ற வேகத்தை இழந்து, பின்னோக்கி 1.8 என்ற வேகத்தைப் பெறுகிறான், மாற்றம் 6.8. மோதல் பத்தில் ஒரு வினாடி நீடித்தால், சிறுவனின் உடல் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு முடுக்கத்துக்கு உள்ளாகிறது. இளைஞனுக்கு நான்கு மடங்கைச் சற்றே தாண்டும்.

"நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இருவர் மீதும் ஒரே அளவு விசைதானே செயல்படுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். மிகவும் சரி. இங்கே அந்த விசை சராசரியாகச் சுமார் 2,700 நியூட்டன். அதாவது 275 கிலோகிராம் பாரத்தைத் தூக்கி வைத்ததற்கு ஒப்பாகும். விசை சமம், ஆனால் அதைத் தாங்குகிற எலும்புகள் சமமல்ல. ஒரே பாரத்தை மூங்கில் கழியின் மீதும் தேக்கு உத்தரத்தின் மீதும் வைப்பது போன்றது இது.

ஒரே வயதுடைய, 40 கிலோகிராம் நிறையுள்ள இரு சிறுவர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இதே போல் மோதினால் இருவரும் அங்கேயே நின்றுவிடுவர். வேக மாற்றம் 5 மட்டுமே; விசையும் 2,000 நியூட்டன்தான்.

நீளம் முந்தும், உறுதி பிந்தும்

வளரிளம் பருவத்தில் உயரம் திடீரென்று பாய்ந்து ஏறும். பெண்களுக்கு இப்பாய்ச்சல் 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்தை அடைகிறது. அப்போது ஒரு பையன் ஆண்டுக்கு 9 அல்லது 10 செ.மீ. கூட வளர்வதுண்டு. ஆனால் இவை சராசரிகள். ஒருவனுக்கு 12 வயதிலேயே அது வந்துவிடலாம். அவன் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு 16 வயதில் வரலாம். ஒன்பதாம் வகுப்பில் மீசை அரும்பியவனும் பால் முகத்தவனும் அருகருகே அமர்ந்திருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

எலும்பு நீள்வது அதன் முனைக்கு அருகிலுள்ள வளர்தட்டில். இது குருத்தெலும்பால் ஆனது. சுற்றியுள்ள எலும்பையும் தசைநார்களையும் விட வலிமை குறைந்தது. மேலும், எலும்பு முதலில் நீள்கிறது. சுண்ணச் சத்து முழுமையாகப் படிந்து அது இறுகுவது சில மாதங்கள் கழித்தே. இந்த இடைவெளியில் முன்கை எலும்பு முறிவுகள் மிகுதியாக நேர்வதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பையன் உயர்ந்து நிற்பதைப் பார்த்து, "பெரியவனாகிவிட்டான்" என்று நாம் எண்ணும் அதே மாதங்களில்தான் அவன் எலும்பு மிக மென்மையாக இருக்கிறது!

ரக்பி கற்றுத் தரும் பாடம்

உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் ரக்பி முதன்மையானது. கொங்கு நாட்டில் அதை ஆடுவோர் மிகச் சிலரே. எனினும் இந்தியாவுக்கு அது புதிதன்று. 1870-களில் கல்கத்தாவில் இயங்கிய ஒரு ரக்பி கிளப் கலைக்கப்பட்டபோது, அதன் கையிருப்பாக இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து, 1878-இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு வழங்கினார்கள். 'கல்கத்தா கோப்பை' என்ற பெயருடன் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காகப் போட்டியிடுகின்றன.

இங்கிலாந்தில் செப்டம்பரில் விளையாட்டுப் பருவம் தொடங்கும்போது ஒருவருக்கு என்ன வயதோ, அதைக் கொண்டே அவர் பிரிவு முடிவாகிறது. கீழ்ப்பிரிவில் இறங்கி ஆடுவது மட்டுமின்றி, மேற்பிரிவுக்கு ஏறி ஆடுவதும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 17 வயதான ஒருவர் பெரியவர்களோடு ஆட வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதமும், அவர் உடல் அதற்குத் தயார் என்ற பயிற்சியாளரின் மதிப்பீடும் வேண்டும். அப்படியும் 18 வயது நிறையும் வரை அவர் முன்வரிசையில் நிற்கக் கூடாது.

ஏன் அந்த முன்வரிசைக்கு மட்டும் தனித் தடை? ரக்பியில் 'ஸ்க்ரம்' என்றொரு அமைப்பு உண்டு. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து எதிரணியைத் தள்ளுவார்கள். பின்னாலிருப்பவர்களின் விசையெல்லாம் முன்வரிசை மூவரின் கழுத்திலும் தோளிலும் வந்து சேரும். ஆகவேதான் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்றும் உலக ரக்பி விதி வகுத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து போன்ற இடங்களில் சிறுவர்களை வயதோடு எடையையும் பார்த்தே பிரிக்கிறார்கள்.

நம் ஊர் விதிகள்

நம் பள்ளி விளையாட்டுகளும் குறுவட்டப் போட்டி தொடங்கி மாநிலப் போட்டி வரை 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்தே நடத்தப்படுகின்றன. '17 வயதுக்குட்பட்டோர்' என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். அதில் மேல்வரம்பு மட்டுமே இருக்கிறது. 18 வயதுக்காரன் உள்ளே வராமல் அது தடுக்கிறது. 13 வயதுக்காரன் ஏறி வருவதை அந்தச் சொல் தடுப்பதில்லை. வயது வரம்பு என்னும் வீட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. கீழே இறங்குபவன் பிறரை ஏமாற்றுகிறான். மேலே ஏறுபவன் தன்னையே ஆபத்தில் நிறுத்துகிறான். நாம் முதல் வாசலுக்குப் பூட்டுப் போட்ட அளவுக்கு இரண்டாவதைக் கவனிப்பதில்லை.

கபடியின் இளையோர் பிரிவுகளில் வயதோடு எடை வரம்பும் உண்டு. '55 கிலோ கபடி', '60 கிலோ கபடி' என்ற சுவரொட்டிகளை நம் ஊர்களில் அடிக்கடி காண்கிறோம். மோதலின் கணக்கில் நிறைக்கு இருக்கும் இடத்தை நம் கிராமத்துப் பெரியவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் போலும். ஆனால் இதிலும் ஒரு தீங்கு நுழைந்துவிடுகிறது. எடை குறைய வேண்டும் என்று சிலர் பட்டினி கிடக்கிறார்கள். தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை இழந்தால் தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டும், உண்மைதான். ஆனால் உடலைக் குளிர வைப்பதும் அந்தத் தண்ணீரே. அதை இழந்து வெயிலில் ஆடுவது, ரேடியேட்டரில் நீரில்லாமல் லாரியை மலையேற்றுவதற்கு ஒப்பாகும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மணிக்கட்டு சொல்லும் வயது

பிறந்த தேதி ஐயத்துக்குரியதானால் என்ன செய்வது? மீண்டும் கையிடமே போக வேண்டும்! 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபோது எடுத்த புகழ்பெற்ற முதற்படம் அவர் மனைவியின் கையைக் காட்டியது. எலும்புகளோடு மோதிரமும் அதில் தெரிந்தது. இன்று வயதை மதிப்பிடவும் கையின் படமே உதவுகிறது. டேனர், வைட்ஹவுஸ் ஆகியோர் வகுத்த முறையில் இடது கை, மணிக்கட்டு எலும்புகள் ஒவ்வொன்றும் எந்த வளர்ச்சி நிலையில் உள்ளன என்று மதிப்பெண் இட்டு, 'எலும்பு வயது' கணக்கிடப்படுகிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட ஆண்கள் போட்டிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்துகிறது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கதிர்வீச்சு இல்லாத காந்த ஒத்ததிர்வுப் படத்தைக் கையாள்கிறது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. விரைந்து வளரும் பையனின் எலும்பு வயது, உண்மை வயதை விட ஓராண்டுக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். பொய்யே சொல்லாத ஒருவன் படத்தால் வெளியே நிறுத்தப்படவும் கூடும். அந்த நாள் தலைமை ஆசிரியர், கை சற்றே நீண்ட நான்கு வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டதைப் போன்றதுதான் இதுவும். அளவுகோல் எதுவானாலும் அதன் பிழை எவ்வளவு என்று கேட்பதே அறிவியல்.

நாட்காட்டியை மட்டும் நம்புவதிலும் பிழை உண்டு. 1980-களில் கனடாவின் பனி ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாக இருந்தனர். அங்கே வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவன், அதே பிரிவில் ஆடும் டிசம்பர்ப் பிள்ளையை விட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். அந்த ஓராண்டு வளர்ச்சியைத் தேர்வாளர்கள் திறமை என்று எண்ணிவிட்டார்கள். குள்ளமாக இருப்பதால் அணியில் இடம் கிடைக்காத மாணவனே, மனம் தளராதே. உன் கடிகாரம் சற்று மெதுவாக ஓடுகிறது, அது நின்றுவிடவில்லை.

செய்து பாருங்கள்

வீட்டுக் கதவு நிலையில் சுவரோடு ஒட்டி நின்று, தலை மீது ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடிடுங்கள், தேதியையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலை வேளையிலேயே இதைச் செய்யுங்கள். மாலையில் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்துவதால் நாம் எல்லோரும் சற்றே குள்ளமாகிவிடுகிறோம்! இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நான்கால் பெருக்கினால் ஆண்டு வளர்ச்சி வேகம் கிடைக்கும். அது 8 செ.மீ.க்கு மேல் போனால் நீங்கள் பாய்ச்சலின் நடுவே இருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். அப்போது ஓடுங்கள், பயிலுங்கள், பாலும் கேழ்வரகும் உண்ணுங்கள். பெரியவர்களோடு மோதுவதை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

அந்தத் தந்தைக்கும் இதையே சொன்னேன். பயிற்சியின்போது பெரியவர்களோடு ஓடட்டும், காலடி வைப்பைக் கற்றுக்கொள்ளட்டும். பிடித்து வீழ்த்தும் ஆட்டத்துக்கு மட்டும் தன் வயதினரோடு போகட்டும் என்றேன். அவர் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பொங்கலன்று பையன் கோட்டுக்கு வெளியே நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆடி மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு நிலையில் இரண்டு கோடுகள் இருந்தன. தையில் இட்டதற்கும் ஆடியில் இட்டதற்கும் இடையே 5 செ.மீ.! ஆண்டுக்கு 10 செ.மீ. வேகம். ஊர் அவனைக் கேட்ட நேரத்தில் அவன் எலும்புகள் தம் பாய்ச்சலைத் தொடங்கியிருந்தன.

"சார், இன்னும் எத்தனை கோடு போடோணும்?" என்று கேட்டான். கோபம் தீர்ந்திருந்தது. கோடுகள் நெருங்கி வரும் வரை போட்டுக்கொண்டிரு என்றேன்.