மேடை மூன்றடி, கூட்டம் மூன்று லட்சம்!

பாட்டுக் கேட்கப் போனவர்களில் 4 பேர் வீடு திரும்பவில்லை. விழாவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது உயிர்களை வாங்கிவிட்டது!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், 1969-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி நடந்த சம்பவம் இது.

இங்கிலாந்தின் புகழ் பெற்ற இசைக் குழு "ரோலிங் ஸ்டோன்ஸ்". அந்த ஆண்டு அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். டிக்கெட் விலை அதிகம் என்று குறை எழுந்தது. ஆகவே, கடைசியில் ஓர் இலவசக் கச்சேரி நடத்தத் தீர்மானித்தார்கள்.

நான்கு மாதங்களுக்கு முன்புதான் நியூயார்க் மாநிலத்தில் "வுட்ஸ்டாக்" விழா நடந்திருந்தது. சுமார் 4 லட்சம் பேர் கூடினர். மழை, சேறு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு இருந்தும் அடிதடி இல்லை. இங்கும் அப்படியே நடக்கும் என்று நம்பினார்கள்.

இடம் எங்கே?

முதலில் சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவைக் கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. அடுத்து, சியர்ஸ் பாயிண்ட் என்ற கார் பந்தய மைதானத்தில் மேடை போட்டார்கள். அங்கே பணத் தகராறு வந்தது. விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, ஆல்டமாண்ட் என்ற வேறொரு பந்தய மைதானம் முடிவாயிற்று. மேடையை இரவோடு இரவாகப் பெயர்த்துக் கொண்டு வந்தார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது. பழைய இடத்தில் மேடை மேட்டின் மேல் இருந்தது. மூன்றடி உயரம் போதும். புதிய இடத்திலோ மேடை பள்ளத்தில் அமைந்தது. சரிவில் இருந்த கூட்டமெல்லாம் அதை நோக்கி நெருக்கியது. கழிப்பிடம் போதவில்லை. மருத்துவ வசதியும் போதவில்லை. வந்தவர்களோ சுமார் 3 லட்சம் பேர்!

யார் காவல்?

மேடை அருகே நின்றவர்கள் "ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்" என்ற மோட்டார் சைக்கிள் முரடர்கள். அவர்களுக்குக் கூலி 500 டாலர் பெறுமான பீர் என்று கூறப்பட்டது! நெருங்கியவர்களைப் பில்லியர்டு கோல்களால் அடித்தார்கள். தடுக்கப் போன பாடகர் மார்ட்டி பேலின் அடிபட்டு மயங்கி விழுந்தார். நிலைமையைக் கண்ட "கிரேட்புல் டெட்" குழுவினர் பாடாமலே திரும்பிவிட்டனர்.

இரவில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள். மேடைக்கு முன்னால் 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் துப்பாக்கியை உருவினார். முரடர்களில் ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். இளைஞர் இறந்தார். அதை அறியாத பாடகர்கள், பாட்டை நிறுத்தினால் கலவரம் பெருகும் என்று அஞ்சித் தொடர்ந்து பாடினார்கள்.

அன்று கார் ஏறி 2 பேர் மாண்டனர். கால்வாயில் மூழ்கி ஒருவர் இறந்தார்.

குத்தியவன் மீது வழக்கு நடந்தது. தற்காப்புக்காகச் செய்ததாகக் கருதி, 1971-ல் ஜூரிகள் அவனை விடுதலை செய்தார்கள்.

வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலும் எத்தனை இலை விழும், பந்தல் எங்கே, தண்ணீர் எங்கே என்று பெரியவர்கள் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். மூன்று லட்சம் பேரை அழைத்தவர்கள் அந்தக் கணக்கைப் போடவில்லை!