ஓடுறதுக்காகத்தான் ஒப்பரேசன்

அப்பாவுக்கு 69 வயது. "இரவில எதிர்வாற லைட் கண்ணைக் கூசுது" என்றார். கண்புரை. "மோட்டார் சைக்கிளை வித்துப்போடுங்கோ" என்றேன். அதோடு ஒப்பரேசன் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

பிறகு கதையை மாற்றினேன். "திரும்ப கொத்தார்ட் கணவாய் ஏறவேணும் எல்லோ அப்பா? அதுக்காகச் செய்யுங்கோ."

மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும், அன்றே வீட்டுக்கு வரலாம். சுவிஸில் சாரதி அனுமதிக்கு ஒரு கண்ணில் 0.5, மற்றதில் 0.2 பார்வை தேவை. 75 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கொருமுறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

டொக்டர் 'ஓம்' சொல்லும்வரை சாவி என்னிடம்தான் இருந்தது. இந்தக் கோடையில் அப்பா 2,106 மீற்றர் ஏறினார். பிள்ளைகளோடு நான் பின்னால் காரில்.

அப்பா அம்மாவிடம் எதை விடச் சொல்வது என்று யோசிக்கிறோம். எதைத் தொடர ஆசை என்று முதலில் கேட்போமே.