புட்டியில் குதிரைத்திறன் கிடைக்குமா?

சில பெட்ரோல் பங்குகளில் டேங்க் மூடியைத் திறந்த உடனே ஊழியர் ஒரு சின்னப் புட்டியை நீட்டுவார். “இதை ஊத்திக்குங்க சார், பிக்கப் அள்ளும், மைலேஜும் கூடும்.” உதிரிபாகக் கடைகளின் கண்ணாடி அலமாரியிலும் இதே வாக்குறுதிதான். ஆக்டேன் பூஸ்டர், ஃபியூல் அடிட்டிவ், இன்ஜெக்டர் கிளீனர் என்று பெயர்தான் மாறுகிறது. இன்னொரு பக்கம், 95, 97, 100 என்று எண் போட்ட பிரீமியம் பெட்ரோல். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் ‘எக்ஸ்பி100’ பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு விற்றது. அன்று சாதாரண பெட்ரோல் விலை அதில் ஏறக்குறையப் பாதி.

இவ்வளவு கூடுதல் காசுக்கு இன்ஜின் என்ன திருப்பித் தருகிறது? சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில், எதுவும் இல்லை. சில கார்களில் கொஞ்சம். மிகச் சிலவற்றில் மட்டும் கண்கூடாகத் தெரியும் பலன். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் புட்டியை வாங்குவதா வேண்டாமா என்பதைக் கார்க்காரரே முடிவு செய்துவிடலாம்.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் 91 ஆக்டேன் பெட்ரோலும் 97 ஆக்டேன் பெட்ரோலும் லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. அந்த எண் சொல்வது வேறு விஷயம்: நெருக்கி அழுத்தும்போது தானாகத் தீப்பிடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே தள்ளி அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. பிளக்கின் அருகே பிறக்கும் தீ நாலா பக்கமும் பரவ வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் கடைசி மூலையில் இருக்கும் கலவை மேலும் நசுங்கிச் சூடேறுகிறது. அந்தச் சூடு தாங்காமல் அது தானே ஒரே நொடியில் வெடித்தால் சிலிண்டர் முழுக்க அழுத்த அலை மோதும். மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் வருமே, அது இதுதான். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். நீடித்தால் பிஸ்டனே உடையும்.

இதை அளக்க ஒரு தனி இன்ஜின் இருக்கிறது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான சிஎஃப்ஆர் இன்ஜின் அது. ஒரே ஒரு சிலிண்டர், சுமார் 612 சிசி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தி அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதுதான் அதன் சிறப்பு. சோதனைக்கு வந்த பெட்ரோலை ஊற்றி, குறிப்பிட்ட அளவு நாக்கிங் வரும்வரை அழுத்தத்தை ஏற்றுவார்கள். பிறகு அதே நாக்கிங்கைத் தரும் ஒப்பீட்டுக் கலவையைத் தேடுவார்கள். அந்தக் கலவையில் இரண்டே திரவங்கள்: எளிதில் நாக்கிங் தரும் ஹெப்டேனுக்கு மதிப்பெண் 0, நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. பெட்ரோல் 91 எண் பெறுகிறது என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்கு அது சமம். சூப்பர் 95, பவர் 99 என்று பங்குகளில் பளபளக்கும் எண்களுக்கெல்லாம் பிறப்பிடம் இந்த ஒற்றைச் சிலிண்டர் சோதனைதான். இலங்கையில் 92, 95 என்று இரண்டு வகையாகப் பெட்ரோல் விற்பதும் இதே அளவுகோலில்தான்.

ஆக, தாக்குப்பிடிக்கும் திறனை இன்ஜின் பயன்படுத்திக்கொண்டால்தான் சக்தி கூடும். இதற்கு 1940-ஐ விடத் தெளிவான உதாரணம் கிடையாது. இங்கிலாந்துக்கு மேலே நடந்த வான்போரின்போது பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறியிருந்தன. எரிபொருளை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. மெர்லின் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். ஆயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன் தந்த இன்ஜின், தாழ்ந்த உயரங்களில் 1,300-ஐத் தொட்டது. அழுத்தத்தை உயர்த்தாமல் எரிபொருளை மட்டும் மாற்றியிருந்தால் அந்தக் கூடுதல் குதிரைத்திறன் வந்திருக்காது.

இன்றைய கார்களிலும் கணக்கு இதேதான். 91 ஆக்டேனுக்கென வடிவமைத்த சாதாரண இன்ஜினில் நாக்கிங் வருவதே அரிது. அதில் 97-ஐ ஊற்றினால் அந்தக் கூடுதல் ஆறு எண்ணுக்கு அங்கே வேலை இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-ல் இதைச் சோதித்தது. சாதாரண பெட்ரோல் போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன கார்களில் பிரீமியம் பெட்ரோலால் குறிப்பிடத்தக்க எந்த லாபமும் இல்லை. இப்படித் தேவையில்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலர் வீணாக்கியதாக அந்தச் சங்கம் கணக்கிட்டது.

டர்போ கார்கள், உயர் அழுத்த இன்ஜின்கள் கதை வேறு. அவற்றில் நாக்கிங்கைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு சென்சார் உண்டு. சத்தம் வந்த கணமே கணினி பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைக்கும், ஆனால் சக்தி கொஞ்சம் குறையும். உயர் ஆக்டேன் ஊற்றினால் தள்ளிப்போட வேண்டியதில்லை. பிரீமியம் ‘பரிந்துரைக்கப்படும்’ கார்களை ஏஏஏ 2017-ல் சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. விலை வித்தியாசமோ அங்கே 20 சதவீதத்துக்கும் மேல்.

இது பங்கில் குழாய் வழியே வரும் பெட்ரோலின் கதை. புட்டியின் கதை இதைவிட மோசம். 40 லிட்டர் டேங்கில் 300 மில்லி ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். பூஸ்டர்களில் பரவலாகச் சேர்க்கப்படும் டொலுயீனின் ஆக்டேன் எண் 120 அளவில் இருக்கும். புட்டி முழுக்க சுத்தமான டொலுயீனே என்றாலும் கலவையில் அதன் பங்கு முக்கால் சதவீதம்தான். 91 என்ற எண் 91.2 ஆகும், அவ்வளவே. அதை 95 ஆக்க வேண்டுமானால் ஐந்து லிட்டருக்கு மேல் டொலுயீன் தேவை. லேபிளில் ‘மூன்று பாயிண்ட் உயரும்’ என்று போட்டிருந்தால் வாங்குபவர் 91 இனி 94 என்று எண்ணிக்கொள்கிறார். இந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்பது பெரும்பாலும் ஓர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. மூன்று பாயிண்ட் என்றால் 0.3. வாங்குபவருக்கு இதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று வேலையே தவிர வேறில்லை.

சில சொட்டுகளில் ஆக்டேனைத் தூக்கக்கூடிய பொருள்கள் இல்லாமல் இல்லை. அவை உலோகச் சேர்மங்கள். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ரா எத்தில் லெட், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே நாக்கிங்கை அடக்கியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தார்கள். அதன் பிறகும் உலகம் அதை எரித்துக்கொண்டே இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம் நகரங்களின் காற்றில் கலந்தது. இந்தியா 2000-ல் ஈய பெட்ரோலை முழுமையாகக் கைவிட்டது. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது, ஒரு சேர்மத்தை டேங்கிலிருந்து விரட்ட.

ஈயத்தின் இடத்துக்கு வந்தவை மாங்கனீஸ் அடங்கிய எம்எம்டியும் இரும்பு அடங்கிய ஃபெரோசீனும். உண்மையிலேயே ஆக்டேனை உயர்த்தும் பூஸ்டர் புட்டிகள் பலவற்றில் இவற்றில் ஒன்று இருக்கும். எரிந்தபின் உலோகம் எங்கும் போய்விடுவதில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் முனையில் செங்கல் நிறத்தில் படிந்திருப்பது தெரியும். ஃபெரோசீன் விட்டுச்செல்லும் இரும்பு ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்துவதால், நாளடைவில் பொறி முனைக்கு வராமல் படிவு வழியே கசிந்துவிடும். பிக்கப்புக்காக ஊற்றியது பிக்கப்பையே கெடுக்கும். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பாதிக்கப்படலாம். அதை மாற்றும் செலவு சிறியதல்ல.

சுத்தம் செய்யும் சேர்மங்களை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. இன்ஜெக்டரிலும் வால்விலும் படியும் கரியைக் கரைக்கும் பாலி ஈதர் அமீன் போன்றவை நம்பகமானவை. அமெரிக்காவில் 1995 முதல் பெட்ரோலில் குறைந்தபட்ச அளவு டிடர்ஜென்ட் கட்டாயம். அது போதவில்லை என்று 2004-ல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை கூடுதல் தரம் ஒன்றை வகுத்தன. அந்தத் தரம் இல்லாத பெட்ரோல், சுமார் 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையில் 19 மடங்கு அதிகப் படிவை விட்டதாக ஏஏஏ கண்டது. கரி பிடித்த பழைய இன்ஜினில் நல்ல கிளீனர் ஒரு புட்டி ஊற்றினால் வித்தியாசம் தெரியக்கூடும். அது இழந்ததை மீட்டுத் தருகிறது, புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே கிடையாது. அங்கே படிந்த கரியை டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் எடுக்காது. பட்டறையில் வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக ஊதித்தான் சுரண்டுகிறார்கள்.

இப்போது இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்றே தனிப் புட்டிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐத் தாண்டும். எனவே இந்தப் பெட்ரோலின் ஆக்டேன் 95 என்கிறது பெட்ரோலியத் துறை அமைச்சகம். ஆக்டேன் பஞ்சம் இங்கே இல்லை. பஞ்சம் வெப்ப ஆற்றலில்: லிட்டருக்கு லிட்டர், பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எத்தனால் தரும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் குழு 2021-லேயே மதிப்பிட்டது. அந்த இழப்பை 100 மில்லி திரவத்தால் ஈடுகட்ட வழியே இல்லை. பழைய கார் வைத்திருப்பவர் புட்டிக்குச் செலவழிக்கும் பணத்தை எத்தனால் அரிக்கக்கூடிய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் பக்கம் திருப்புவது நல்லது. அடுத்த சர்வீஸில் அவற்றில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, இருந்தால் மாற்றிவிட வேண்டும்.