‘எல்லாப் பொறுப்பும் டிரான்ஸ்போர்ட்டருடையதே’: அபாயகரமான சரக்கு ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றுமா?

2024 டிசம்பர் 20 அதிகாலை, ஜெய்ப்பூர் - அஜ்மீர் நெடுஞ்சாலையில் ஒரு எல்பிஜி டேங்கர் மீது லாரி மோதியது. கசிந்த வாயு பற்றிக்கொண்டதில் சுற்றியிருந்த வாகனங்களும் எரிந்தன. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டே வாரத்தில், 2025 ஜனவரி 3 அன்று, கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் இன்னொரு எல்பிஜி டேங்கர் லாரியிலிருந்து கழன்று விழுந்து வாயு கசிந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விட வேண்டியிருந்தது.

இப்படி ஓடும் வண்டிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. பர்ச்சேஸ், லாஜிஸ்டிக்ஸ், லீகல் டீம்களில் வேலை பார்ப்பவர் என்றால் அந்த ‘யாரோ’ நீங்களாகவே இருக்கலாம். ‘நாங்க கெமிக்கல் கம்பெனி இல்லையே’ என்று தோன்றலாம். பெயின்ட் தின்னர், ஆசிட், லித்தியம் பேட்டரி, ஜெனரேட்டருக்கு டிரம்மில் வரும் டீசல் என்று இந்தப் பட்டியல் நினைப்பதைவிட நீளமானது.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். ‘சரக்கு ஏற்றியது முதல் எல்லாப் பொறுப்பும் டிரான்ஸ்போர்ட்டருடையதே.’ படிக்க நிம்மதியாகத்தான் இருக்கும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரக்கு அனுப்புபவருக்கு என்ன வேலை?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 129 முதல் 137 வரையிலான விதிகள் அபாயகரமான சரக்குப் போக்குவரத்துக்கானவை. இதில் 131-வது விதி நேரடியாகச் சரக்கு அனுப்புபவரைப் பார்த்துப் பேசுகிறது. அந்தச் சரக்கை ஏற்றும் வகையில் வண்டிக்கு முறையான பதிவு இருக்கிறதா? முதலுதவி, பாதுகாப்புக் கருவிகள், தேவைப்பட்டால் விஷமுறிவு மருந்து இருக்கிறதா? சரக்கைப் பற்றிய முழுத் தகவல் டிரான்ஸ்போர்ட்டருக்குப் போய்விட்டதா? ஓட்டுநர் இதற்குப் பயிற்சி பெற்றவரா? இதையெல்லாம் உறுதி செய்வது அனுப்புபவரின் கடமை.

டிரான்ஸ்போர்ட்டரின் கடமை 132-வது விதியில் தனியாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த தகவல் முழுமையானதா என்று அவர் தன் பங்குக்குப் பார்க்க வேண்டும், ஓட்டுநருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆக, ஒருவர் கடமை இன்னொருவருக்குக் கை மாறுவதில்லை, இரண்டும் அருகருகே நிற்கின்றன. யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். சட்டம் உங்கள் தலையில் வைத்த கடமையை அப்படி இறக்கி வைக்க முடியாது.

தண்டனைப் பிரிவும் இப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 190(3) வண்டியை ஓட்டியவரோடு நிற்பதில்லை, ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்றும் சொல்கிறது. முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

டேங்கருக்குப் பின்னால் இருக்கும் அந்த எண் என்ன?

டிராஃபிக்கில் பெட்ரோல் டேங்கருக்குப் பின்னால் நின்றிருந்தால் 1203 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது பெட்ரோலுக்கான ஐ.நா. எண். டீசலுக்கு 1202, எல்பிஜிக்கு 1075. 134-வது விதிப்படி, சரக்கின் சரியான பெயர், ஐ.நா. எண், அபாய வகையைக் காட்டும் லேபிள், அவசரத் தொடர்பு எண், அனுப்புபவரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் வண்டியின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் தெரிய வேண்டும். அனுப்புபவர் பெயர் என்றால் உங்கள் கம்பெனி பெயர்தான்.

ஓட்டுநர் கேபினில் ‘ட்ரெம் கார்டு’ என்ற அவசரகாலத் தகவல் அட்டை இருக்க வேண்டும். கசிந்தால் தண்ணீர் அடிக்கலாமா, அடித்தால் இன்னும் மோசமாகுமா, எவ்வளவு தூரம் ஆட்களை விலக்க வேண்டும் என்பதைத் தீயணைப்பு வீரர் தெரிந்துகொள்ளும் முதல் காகிதம் அதுதான். பல இடங்களில் போன வருஷ அட்டையையே ஜெராக்ஸ் எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் எழுதும்போது, அட்டையைத் தயாரிப்பது யார், லோடு ஏற்றும் முன் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது யார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ‘பொருந்தும் சட்டங்கள் அனைத்தையும் பின்பற்ற வேண்டும்’ என்ற ஒற்றை வரி இங்கே எதற்கும் உதவாது.

ஓட்டுநருக்கும் தனித் தகுதி உண்டு. 9-வது விதிப்படி ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், மூன்று நாள் சிறப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அது உரிமத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் இந்த உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

நஷ்டம் வந்தால் எவ்வளவு கிடைக்கும்?

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன்படி, சரக்கின் மதிப்பையும் அது அபாயகரமானதா என்பதையும் ஃபார்வர்டிங் நோட்டில் அனுப்புபவரே அறிவிக்க வேண்டும். அதில் தப்பான அல்லது அரைகுறைத் தகவல் கொடுத்து டிரான்ஸ்போர்ட்டருக்கு இழப்பு வந்தால், ஈடு செய்ய வேண்டியவர் அனுப்பியவர்தான். ‘ஹசார்டஸ்னு போட்டா வாடகை ஏறிடும் சார், ஜெனரல் கூட்ஸ்னு போட்டுடலாம்’ என்று யாராவது சொன்னால், அந்தச் சேமிப்பின் உண்மையான விலை இது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2011 விதிகளின்படி, சரக்கு சேதமானால் டிரான்ஸ்போர்ட்டரின் பொறுப்பு பொதுவாக வாடகையைப் போல பத்து மடங்கோடு நின்றுவிடும். 20,000 ரூபாய் வாடகையில் 30 லட்ச ரூபாய் சரக்கு போகிறது என்று வையுங்கள். உச்சவரம்பு 2 லட்சம்தான். கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. வழக்குப் போடுவதென்றால் சரக்கு புக் செய்த 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் சரக்குக்கு. வழியில் போன மனிதருக்கு அடிபட்டால்? போபாலுக்குப் பிறகு வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991, அறிவிக்கப்பட்ட பொருட்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாள்பவர் முன்கூட்டியே காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறது. போக்குவரத்தும் இந்தக் ‘கையாள்தலில்’ அடக்கம். தவறு யாருடையது என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. அதற்கு முன்பே, 1985 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் செய்யும் நிறுவனத்துக்கு விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தின் இழப்பீட்டு ஷரத்தை வைத்து டிரான்ஸ்போர்ட்டரிடம் பிறகு பணம் கேட்கலாம். ரோட்டில் விழுந்தவரிடம் அதை நீட்ட முடியாது.

கழிவு என்றால் இன்னும் கவனம்

2022 ஜனவரியில் சூரத்தின் சச்சின் தொழிற்பேட்டையில், ஒரு டேங்கரிலிருந்து ரசாயனக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டியபோது கிளம்பிய நச்சு வாயுவில் 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவு எங்கிருந்து கிளம்பியது என்று தேடிய போலீஸ் விசாரணை மகாராஷ்டிரத்தில் உள்ள ஆலை வரை போனது.

2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் இதற்காகவே ‘மேனிஃபெஸ்ட்’ என்ற ஏழு பிரதி ஆவணத்தை வைத்திருக்கின்றன. அனுப்புபவர், வண்டிக்காரர், பெறுபவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என ஒவ்வொருவருக்கும் தனி நிறத்தில் பிரதி. போக்குவரத்துக்கு யார் பொறுப்பு என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். பெறுபவர் கையெழுத்திட்ட பிரதி வந்த பிறகே பில் பாஸ் ஆகும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாக ஒருவர் கழிவை எடுத்துக்கொள்கிறேன் என்றால், அது எங்கே போகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசி நேர ‘மார்க்கெட் வண்டி’

ஒப்பந்தம் பெரிய டிரான்ஸ்போர்ட்டருடன் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டில் வந்து நிற்பது, அவர் வெளியிலிருந்து பிடித்துக் கொடுத்த வேறொருவர் வண்டி. ஓட்டுநர் பயிற்சி பெற்றவரா என்று யாருக்கும் தெரியாது. எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வண்டி மாற்றக் கூடாது என்ற ஷரத்து இதற்குத்தான். கூடவே, டெலிவரி தாமதத்துக்கான அபராத ஷரத்தையும் ஒரு முறை திரும்பப் படியுங்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டினால்தான் அபராதம் தப்பும் என்ற கணக்கில் அது இருந்தால், திருத்த வேண்டியது உங்கள் பக்கம். சரியான உரிமமோ ட்ரெம் கார்டோ இல்லாத வண்டியில் லோடு ஏற்ற மறுக்கலாம், அப்படி மறுத்தால் காத்திருப்புக் கட்டணம் கிடையாது என்றும் எழுதிவிடுங்கள். அதன் ஒரு நகலை கேட் செக்யூரிட்டியிடமும் கொடுத்து வையுங்கள்.